பொன்னிற முடி பாண்ட்

2005-இல் டேனியல் கிரெய்க்தான் புது ஜேம்ஸ் பாண்ட் என்றதும் ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். பாண்டுக்குப் பொன்னிற முடியா!

ஏன் கோபம்? பார்த்துப் பழகிய முகத்தை மூளை அச்சாக வைத்திருக்கும். அதில் பொருந்தாதது தப்பாகவே படும்.

அது எப்படி மாறுகிறது? உளவியலாளர் ராபர்ட் ஸயன்ட்ஸ் 1968-இல் வெளியிட்ட சோதனையில், சீன எழுத்துப் போன்ற வடிவங்கள் சில ஓரிரு முறையும், சில 25 முறையும் காட்டப்பட்டன. அடிக்கடி கண்ணில் பட்டவற்றுக்குத்தான் நல்ல பொருள் இருக்கும் என்று பார்த்தவர்கள் ஊகித்தார்கள். பழகியதை மூளை சுலபமாக உள்வாங்குகிறது. அந்தச் சுலபத்தையே பிடித்தம் என்று எடுத்துக்கொள்கிறது.

ஆனால் அடியோடு வெறுத்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எரிச்சல்தான் கூடும். சரக்கும் வேண்டுமே! கிரெய்க் பாண்டாக நடித்த முதல் படமான 'கேசினோ ராயல்' தொடக்கத்தில் வரும் கறுப்பு வெள்ளைக் கழிவறைச் சண்டையிலேயே பாதிப்பேர் மனம் மாறியிருப்பார்கள் என்பது என் கணக்கு. கிரெய்க் 2021 வரை ஐந்து படங்களில் பாண்டாக நடித்தார்.