அடைக்கலமா, ஆள் சேர்ப்பா?

1945-இல் ஐரோப்பாவில் பீரங்கிகள் ஓய்ந்தபோது, ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய தேசங்களின் முகாம்களில் பல லக்ஷம் ஜனங்கள் நிறைந்திருந்தனர். பெரும்பாலோர் சில மாதங்களில் தாய்நாடு திரும்பினர். ஸோவியத் ஆட்சிக்கு அஞ்சிய பால்டிக் நாட்டாரும், உக்ரேனியரும், போலந்துக்காரரும், உற்றார் மாண்டு வீடிழந்த யூதருமாக ஏறக்குறைய 10 லக்ஷம் பேர் எஞ்சினர்.

இவர்களுக்கு இடந்தந்த தேசங்களின் உபகாரத்தை நாம் மறுக்கவில்லை. 1947 முதல் 1952 வரை ஸர்வதேச அகதிகள் ஸ்தாபனம் சுமார் 10 லக்ஷம் பேரைப் பிற நாடுகளில் குடியேற்றியது. பிறர் இட்ட சோற்றை உண்டு முகாமில் நைவதைவிட உழைத்துப் பிழைப்பது மேலென்பதில் ஸந்தேகமில்லை.

ஆனால் எந்த அளவுகோலால் மனிதரை அளந்தார்கள்? பிரிட்டன் 1946-இல் பால்டிக் ஸ்திரீகளை க்ஷயரோக ஆஸ்பத்திரி வேலைக்கு அழைத்தது. மறு வருஷம் நெசவாலைக்கும், பண்ணைக்கும், சுரங்கத்துக்கும் ஆள் சேர்த்தது. 'ஐரோப்பியத் தொண்டர் தொழிலாளர்' என்று பெயரும் சூட்டிற்று. அழகான பெயர்தான்! அத்தொண்டரோ, ஸர்க்கார் காட்டிய வேலையை அநுமதியின்றி மாற்றிக்கொள்ள முடியாது. 1951 பிறந்த பிறகே அத்தளை நீங்கியது. பெல்ஜியம் 20,000-க்கு மேற்பட்டோரை நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கியது. இரண்டு வருஷம் அங்கே உழைத்தாலன்றி வேறு தொழில் இல்லை. தாளமாட்டாமல் பலர் ஜெர்மனியின் முகாம்களுக்கே திரும்பினர். சுமார் 1,70,000 பேரை ஏற்ற ஆஸ்திரேலியாவும் இரண்டு வருஷ ஒப்பந்தம் எழுதி வாங்கியது. ஆடவர் கூலியாள், பெண்டிர் வீட்டு வேலைக்காரி என்று பதிவாயினர். வைத்தியம் படித்தவர் மண்வெட்டி பிடித்தார்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை என்றே வைத்துக்கொள்வோம். கிழவரும், நோயாளியும், அங்கஹீனரும் என்ன ஆனார்கள்? ஆள் பொறுக்க வந்த கமிட்டிகள் அவர்களைத் தள்ளிவிட்டுச் சென்றன. மகன் வரலாம், தாய் வரலாகாது என்றால், மகன் என்ன செய்வான்? தள்ளப்பட்டோரில் கண்ணிழந்தவர் சிலரை நார்வே தேடி அழைத்துக் கொண்டது. சின்ன தேசம், பெரிய மனம். முகாம்களுள் கடைசியாக எஞ்சியவற்றில் ஒன்றான ஃபோரன்வால்ட் 1957-இல்தான் மூடப்பட்டது.

1951-இல் ஜெனிவாவில் ஏற்பட்ட அகதிகள் உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு அஞ்சுவதற்குத் தக்க காரணம் உண்டா என்பதையே அகதிக்கு இலக்கணமாக்கிற்று, புஜபலத்தையன்று. ஆயினும், எவ்வளவு பேர் வேலைக்கு உதவுவார்கள் என்று கணக்கிட்டுக் கதவு திறக்கும் ராஜதந்திரிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: அகதிக்கு வேலை கொடுங்கள், வேலைக்காக மட்டும் அகதியைக் கொள்ளாதீர்கள்.