தலை வலிக்கும் முன்னே மின்னும் கோடு

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஒரு மாணவி. திடீரென ஒரு சொல்லின் நடு எழுத்தைக் காணவில்லை. அங்கே சின்னதாக ஒரு வெற்றிடம். அதன் ஓரத்தில் ரம்பப் பல் போல ஓர் ஒளிக்கோடு மினுமினுக்கிறது. மெல்ல விரிந்து ஓரத்துக்கு நகர்கிறது. அரைமணி நேரத்தில் மறைந்தும் போகிறது. தலைவலி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். சிலருக்கு வலி வராமலே போவதும் உண்டு. "படிக்காமல் இருக்க நல்ல சாக்கு" என்பார்கள் மற்றவர்கள்.

சாக்கு அல்ல, நண்பர்களே! இதுவும் ஒற்றைத் தலைவலி நோய்தான். பெயரில் தலைவலி இருப்பதால் மற்றவை நம் கவனத்துக்கு வருவதில்லை. முதல் நாளே கொட்டாவி மேல் கொட்டாவி, கழுத்து இறுக்கம், காரணமில்லாத எரிச்சல். பிறகு குமட்டல், வெளிச்சமும் ஓசையும் தாங்காமை. வலி நின்ற மறுநாளும் சோர்வு. எல்லோருக்கும் எல்லாம் வராது. ஒளிக்கோட்டைக் காண்பவர்கள் மூன்றில் ஒருவருக்கும் குறைவே.

கோடு கண்ணில் தோன்றுகிறதா, மூளையிலா? ஒரு கண்ணை மூடினாலும் தெரிகிறது, மறு கண்ணை மூடினாலும் தெரிகிறது. ஆகவே மூளையில்தான்.

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் லாஷ்லிக்கு இந்தக் கோடு அடிக்கடி வரும். அவர் என்ன செய்தார் தெரியுமா? அது நகர நகர, நேரம் குறித்துப் படம் வரைந்தார்! பார்வைக்கான மூளைப் பகுதியின் நீளம் அவருக்குத் தெரியும். கணக்குப் போட்டார். ஏதோ ஒன்று மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஊர்கிறது என்று 1941-இல் எழுதினார். நத்தைகூட இதைவிட வேகம்!

1944-இல் பிரேசில் நாட்டு லேயாவோ, முயலின் மூளையில் அப்படி ஊரும் ஓர் அலையையே கண்டார். அலையின் முனையில் நரம்பணுக்கள் கொந்தளிக்கின்றன, மினுமினுப்பு அதனால். பின்னால் அவை சற்று நேரம் ஓய்ந்துவிடுகின்றன, வெற்றிடம் அதனால். 2001-இல், கூடைப்பந்து ஆடினால் கோடு தோன்றும் ஒருவரை ஆடச் சொல்லி மூளையைப் படமெடுத்தார்கள். அலையின் வேகம் நிமிடத்துக்கு 3.5 மில்லிமீட்டர்!

தொடு உணர்வுப் பகுதிக்கு அலை வந்தால், விரலில் தொடங்கும் மதமதப்பு மெல்லக் கையேறி உதடு வரை போகும். இந்த 'மெல்ல' முக்கியம். பக்கவாதம் பெரும்பாலும் ஒரே நொடியில் தாக்கும். கை திடீரெனச் செயலிழந்தாலோ பேச்சுக் குழறினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் தடவை எது வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று லாஷ்லியைப் போலக் குறித்துக் கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.