முதுமையின் கனவுகளுக்குச் செவிகொடுப்போம்



முதுமை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை எவை? மருந்துப் போத்தல்கள், சாய்மனைக் கதிரை, தூரதேசத்துப் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புக்கான காத்திருப்பு. முதியோரின் உடற்பிணிக்கு நாம் மருந்து தேடுகிறோம். ஆனால், அவர்களது மகிழ்ச்சியைப் பறிப்பது பல வேளைகளில் பிணியன்று. தம் பேச்சைக் கேட்க எவருமில்லை என்ற ஏக்கமே.

2021 டிசெம்பர் 25 அன்று, பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களும் பங்கேற்ற ஆவணப்படத் தொடரொன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. 'ஒரு தலைமுறையின் கதைகள்' என்பது அதன் பெயரின் பொருள். அன்பு, கனவு, போராட்டம், உழைப்பு என அது நான்கு பாகங்களைக் கொண்டது. அதில் பேசுவோர் 70 வயதைக் கடந்தவர்கள். அவர்களைப் படம்பிடித்தோர் 30 வயதை எட்டாத இளையோர். புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்சேஸியும் அங்கே தம் மகளின் கேள்விகளுக்கு விடைகூறும் தந்தையாகவே அமர்ந்திருக்கிறார். கடந்துவந்த துன்பத்தை ஒருவர் பரிவோடு கேட்கும்போது, அதுவே அடுத்த தலைமுறைக்கான நம்பிக்கையாக மாறுகிறது என்பதே இத்தொடர் நமக்குத் தரும் பாடம்.

திகன, தெல்தெனிய பகுதிகளில் வாழ்வோர் இதனை எளிதில் உணர்வர். 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தினுள் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிப்போயிற்று. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது அதன் இடிபாடுகள் வெளியே தெரிவதுண்டு. கற்கள் மீண்டும் தலைகாட்டலாம். ஆனால், அத்தெருக்களில் ஒலித்த சிரிப்பும், அங்கே மலர்ந்த நட்பும், ஊரைவிட்டுப் பிரிந்த நாளின் கண்ணீரும் முதியோரின் நெஞ்சங்களிலேயே வாழ்கின்றன. நாம் கேட்காவிடில், அவையும் அவர்களோடு மறைந்துவிடும்.

லூக்கா நற்செய்தியில் நாம் சந்திக்கும் அன்னாவை நினைத்துப் பாருங்கள். 84 வயதுக் கைம்பெண். ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டதும், மீட்புக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் அவரைப் பற்றிப் பேசினார். சொல்வதற்கு அவரிடம் நற்செய்தி இருந்தது. கேட்பதற்கு மக்கள் இருந்தனர். அவரது முதுமை மகிழ்ச்சியால் நிறைந்தது.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் கையடக்கத் தொலைபேசியோடு அமருங்கள். யன்னல் வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழட்டும். "முதன்முதலில் உழைத்த பணத்தில் என்ன வாங்கினீர்கள்? எந்த இக்கட்டில் இறைவனின் கரத்தை உணர்ந்தீர்கள்? இன்னும் நிறைவேறாத ஆசை எது?" எனக் கேளுங்கள். இடைமறிக்காமல் பதிவுசெய்யுங்கள். பின்னர் குடும்பமாகக் கூடியிருந்து அதனைப் பாருங்கள்.

முதியோரே, "என் கதை யாருக்கு வேண்டும்?" என ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் கடந்துவந்த இருளே உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டும் விளக்காகலாம். நீண்ட ஆயுளைத் தந்த இறைவன், அதைப் பகிர்ந்துகொள்ளும் மகிழ்ச்சியையும் உங்களுக்கு அருள்வாராக!