தண்ணீர்த் தவளைக்குத் துணை யார்?

ஐப்பசி மாதம். வடகிழக்குப் பருவமழை பிடித்து நான்கு நாட்கள் ஆகின்றன. காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடிக்குச் செல்லும் சாலையில் உள்ள பூவம் என்னும் ஊரில் நீங்கள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பொழுது சாய்ந்ததும் தவளைகளின் கச்சேரி தொடங்கிவிடுகிறது. உங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் ஆறு கப்பி மீன்களும் இருக்கின்றன. இவற்றுடன் ஒரு தவளையையும் விட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றுகிறது. குட்டையிலிருந்து ஒரு தவளையைப் பிடித்து வந்து தொட்டியில் விடுகிறீர்கள்.

மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தால் நான்கு மீன்களே இருக்கின்றன. மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. தவளையையும் காணோம். தேடிப் பார்த்தால், அது மேசைக்கு அடியில் காய்ந்து சுருண்டு கிடக்கிறது.

இதில் தவளையின் குற்றம் எதுவும் இல்லை. அதன் வாயைப் பற்றியும் தோலைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்ளாமல் இருந்ததே குற்றம். அவ்விரண்டையும் பார்ப்போம், வாருங்கள்.

வாயும் தோலும்

தவளைக்கு இரையைக் கடித்து மெல்லத் தெரியாது. பெரும்பாலான தவளைகளுக்கு மேல்தாடையில் மட்டும் நுண்ணிய பற்கள் உண்டு. அவை இரை நழுவாமல் பிடித்துக்கொள்ளத்தான் உதவுகின்றன. ஆகவே தவளை இரையை முழுதாக விழுங்குகிறது. விழுங்கும்போது அது கண்களை மூடி உள்ளிழுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே இறங்கும் கண்விழிகள் இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன!

இதிலிருந்து நமக்கு முதல் விதி கிடைக்கிறது. தவளையின் வாய்க்குள் நுழையக்கூடிய எந்த உயிரும் அதற்குத் துணையாகாது, இரையாகும். மீன் ஆனாலும் சரி, வேறொரு தவளை ஆனாலும் சரி.

இரண்டாவது, தோல். தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. தோலின் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சுக் காற்றின் ஒரு பகுதியும் தோல் வழியாகவே செல்கிறது. அதே வழியாகக் குழாய்நீரில் உள்ள குளோரினும், நம் கையில் ஒட்டியிருக்கும் சோப்பும், தொட்டியில் சேரும் கழிவும் உள்ளே போகும். நீரைவிட்டு வெளியேறி நெடுநேரம் கிடந்தால், உடலிலுள்ள ஈரமும் தோல் வழியாகவே வெளியேறிவிடும். மேசைக்கு அடியில் கிடந்த தவளைக்கு நேர்ந்தது இதுதான்.

தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்கு

நம் வயல்களில் கத்தும் தவளைகள் எல்லாமே நீரில் வாழ்பவை அல்ல. பல இனங்கள் முட்டையிட மட்டுமே நீருக்கு வருகின்றன. ஆண்டு முழுவதும் நீரைவிட்டு அகலாத ஓர் இனம் நம் குளங்களில் உண்டு. கண்களை மட்டும் மேலே காட்டி மிதந்துகொண்டிருக்கும். நாம் நெருங்கினால் நீரின் மேற்பரப்பிலேயே தத்தித் தத்திப் பாய்ந்து ஓடும். யூஃப்ளிக்டிஸ் சயனோஃப்ளிக்டிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். நாம் இதைத் தத்தும் தவளை என்று அழைப்போம்.

இந்தத் தவளைக்கும் பூவத்தின் அண்டை ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் வசம் இருந்தது. அங்கே சமயப் பணியாற்ற வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பவர், இக்கரையில் கிடைத்த உயிரினங்களைச் சேகரித்து, பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக் என்பவருக்கு அனுப்பி வந்தார். கத்தாளை மீன் வகை ஒன்றுக்கு 'ஜோனியஸ்' என்ற பெயர் வந்தது இவரை முன்னிட்டே. 1799-இல் ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் தத்தும் தவளைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். இந்த இனத்தின் மூல இடம் தரங்கம்பாடி என்றே இன்றைய ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். உங்கள் ஊர்க் குளத்தில் மிதக்கும் எளிய தவளை உலக அறிவியல் ஏட்டில் ஏறியது அடுத்த ஊரிலிருந்துதான்!

நம் குளங்களில் வாழும் இன்னொரு நீர்வாசி பச்சை நிறப் பெரிய தவளை. யூஃப்ளிக்டிஸ் ஹெக்சாடாக்டைலஸ் எனப்படும் இது ஒரு வியப்பான பிராணி. தவளை என்றால் பூச்சி தின்னும் என்றுதானே படித்திருக்கிறோம்? வளர்ந்த பச்சைத் தவளையின் இரைப்பையைத் தென்னிந்தியாவில் ஆராய்ந்தபோது, அதில் நீர்த்தாவரங்களின் இலைகள் ஏராளமாக இருக்கக் கண்டார்கள்.

அந்தமானில் ஒரு சோதனை

மூன்றாவதாக, மழைக்காலத்தில் ஆண்கள் மஞ்சள் நிறம் பூண்டு உரக்கக் கத்தும் பெருந்தவளை. ஹோப்லோபட்ரகஸ் டைகரினஸ் என்பது இதன் பெயர். 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. பூச்சிகளோடு சுண்டெலியையும் பிற தவளைகளையும்கூட விழுங்கும்.

நம் நாட்டு நிலப்பரப்பைச் சேர்ந்த இந்தத் தவளை, மனிதர்களால் அந்தமான் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே பெருகிவிட்டது. அதன் விளைவை அறிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அந்தமானுக்கே உரிய சிறு தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளையும் ஒரே நீரில் வளர்த்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? உள்ளூர்த் தலைப்பிரட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2019-இல் இந்த முடிவு வெளியாயிற்று.

நம் கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன்களுக்கு நேர்ந்ததும் இதுவேதான். குளத்தில் மீனுக்கு ஒளிய வேர் உண்டு, ஓட இடம் உண்டு. தொட்டியில் இரண்டும் இல்லை. தொட்டி என்பது, உள்ளே இருப்பவர் தப்பிக்க முடியாத ஒரு குட்டை.

கடையில் கிடைக்கும் தவளைகள்

உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் நீர்த்தவளைகள் பெரும்பாலும் இரண்டு. இரண்டுமே ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நாக்கு கிடையாது!

ஒன்று நகத்தவளை. பின்கால்களில் மும்மூன்று விரல்களில் கருநிற நகம் இருக்கும். பெண் தவளை 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். 15 ஆண்டுகள்கூட வாழும். 1930-களிலிருந்து பல ஆண்டுகள் கர்ப்பம் அறியும் சோதனைக்கு இத்தவளையே பயன்பட்டது. கருவுற்ற பெண்ணின் சிறுநீரை இதன் உடலில் செலுத்தினால் அன்றோ மறுநாளோ முட்டையிட்டுவிடும். 2012-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் கர்டன், உடல் செல்லின் உட்கருவிலிருந்து புதிய தவளையை உருவாக்கிக் காட்டியதும் இந்த இனத்தில்தான்.

மற்றொன்று குள்ளத் தவளை. முழு வளர்ச்சி அடைந்தாலும் 4 சென்டிமீட்டர் அளவுதான். சாதுவானது.

குஞ்சுகளாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஏமாறாமல் இருக்க முன்கால்களைப் பாருங்கள். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. சவ்வின்றி விரல்கள் தனித்தனியே இருந்தால் நகத்தவளை. இந்தச் சிறு வேறுபாட்டைக் கவனியாமல், குள்ளத் தவளை என்று எண்ணி வாங்கி வந்தவர்களின் மீன்கள் சில மாதங்களில் மறைந்துபோயிருக்கின்றன.

துணையைத் தேர்ந்தெடுக்கும் முறை

நகத்தவளைக்கு ஏற்ற துணை ஏறக்குறைய தன்னையொத்த இன்னொரு நகத்தவளைதான். சிறு மீன்களை அது விழுங்கிவிடும். முள் உள்ள கெளுத்தி போன்றவற்றை விழுங்க முயன்றால் தொண்டையில் சிக்கித் தானும் சாகக்கூடும்.

குள்ளத் தவளையின் நிலை நேர்மாறானது. அதன் பார்வை மந்தம். இரையை முகர்ந்தும் நீரின் அதிர்வை உணர்ந்தும்தான் தேடிச் செல்லும். அது இரையைக் கண்டுபிடிப்பதற்குள் சுறுசுறுப்பான மீன்கள் எல்லாவற்றையும் தின்றுவிடும். தவளை பட்டினியால் மெலிந்து இறக்கும். எனவே கப்பி, நியான் டெட்ரா போன்ற சிறிய, அமைதியான மீன்களையும் நத்தைகளையும் மட்டுமே அதனுடன் விடலாம். பெரிய மீன்களும், துடுப்பைக் கடித்துச் சண்டையிடும் மீன்களும் ஆகா. தங்கமீனும் வேண்டாம், அது குளிர்ந்த நீரை விரும்புவது, குள்ளத் தவளைக்கோ 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை.

இரண்டு மூன்று குள்ளத் தவளைகளுக்கு 40 லிட்டர் தொட்டி போதும். அவை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். ஆகையால் நீரின் ஆழம் 30 சென்டிமீட்டருக்கு மேற்பட வேண்டாம். மேலே காற்றுப் புகும் மூடி கட்டாயம். குழாய்நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள். பூவம் போன்ற கடலோர ஊர்களில் கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்தால் அது உதவாது. கொசுப்புழு, சிறு மண்புழுத் துண்டு ஆகியவை நல்ல உணவு.

இன்னொன்றும் முக்கியம். உயிர்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே தொட்டி வாங்கிய அன்றே தவளையை விடாதீர்கள். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைத் தொட்டிகளிலிருந்து சால்மோனெல்லா கிருமி இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களே.

குளத்தில் கொட்டாதீர்கள்

வளர்த்துச் சலித்துப்போனால் என்ன செய்வது? "பாவம், வாய்க்காலில் விட்டுவிடலாம்" என்று சிலர் இரக்கப்படுவார்கள். அந்த இரக்கம் ஆபத்தானது. சோதனைச்சாலைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வெளியேறிய நகத்தவளை இன்று சிலி, பிரான்ஸ், அமெரிக்காவின் கலிஃபோர்னியா முதலிய இடங்களில் காட்டுயிராகப் பெருகிவிட்டது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்னும் பூஞ்சையையும் அது சுமந்து திரியக்கூடும். இந்தப் பூஞ்சை பல நாடுகளில் தவளை இனங்களையே அழித்திருக்கிறது. வேண்டாத தவளையைக் கடைக்காரரிடமோ வளர்க்கத் தெரிந்தவரிடமோ கொடுங்கள். தொட்டி நீரைக்கூட வாய்க்காலில் ஊற்றவேண்டாம்.

அப்படியானால் நம் ஊர்த் தவளையைப் பிடித்து வளர்க்கலாமா? வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் வரும் இனங்கள் அவற்றுள் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஓராண்டில் 4,000 டன்னுக்கு மேல் தவளைக்கால்களை நம் நாடு ஏற்றுமதி செய்தது. வயல்களில் தவளை குறைவது கண்டு 1987-இல் அந்த ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. அப்படிக் காப்பாற்றப்பட்டவை இவை.

தவளையைத் தொட்டிக்குக் கொண்டுவராமல் நீங்கள் குளத்துக்குப் போகலாமே! ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மாலை வேளையில் குளத்தங்கரையில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். தத்தும் தவளைகள் எத்தனை? எதைப் பாய்ந்து பிடிக்கின்றன? ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் விட்டு மிதக்கின்றன? எந்த மீன்கள் அவற்றின் அருகே அஞ்சாமல் நீந்துகின்றன? தேதியிட்டு எழுதி வையுங்கள். தை மாதம் வரை தொடர்ந்து எழுதினால், தண்ணீர்த் தவளைக்குத் துணை யார் என்ற கேள்விக்கு அந்தக் குளமே உங்களுக்கு விடை சொல்லும்.