டீசல் பிரஷர் குறையும் லாரி: பம்ப்பை மாற்றுவதற்கு முன்

சொந்த லாரி வைத்துச் சரக்கு எடுக்கும் வியாபார அன்பர்கள் பலருக்கும் இந்தத் தொல்லை பழக்கமானதே. காலி வண்டியாகப் போகும்போது ஒரு குறையும் தெரியாது. சேலத்தில் லோடு ஏற்றிக்கொண்டு தர்மபுரி நோக்கித் தொப்பூர் மேட்டில் ஏறும்போது இழுவை போய்விடும், எச்சரிக்கை விளக்கு எரியும், சில சமயம் இன்ஜின் நின்றே போகும். ஒர்க் ஷாப்பில் "பிரஷர் வரவில்லை, பம்ப் போய்விட்டது" என்பார்கள். பெரிய தொகை கொடுத்துப் பம்ப்பை மாற்றினால், இரண்டு மாதத்தில் அதே மேட்டில் அதே கோளாறு. உள்ளே வாழைத்தாரோ தக்காளியோ இருந்தால் அந்த நஷ்டமும் நம் தலையில்தான்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் கோளாறில், பம்ப்புக்கு வந்து சேர வேண்டிய டீசல் முழுமையாக வருகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. டேங்கிலிருந்து பில்டர் வழியாகப் பம்ப் வரை உள்ள பாதை குறைந்த பிரஷர் பாதை. பம்ப்புக்கு அப்பால் நாசில் வரை அதிக பிரஷர் பாதை. பழைய லாரிகளில் நாசில் திறக்க 200 பார் அளவு போதும். காமன் ரெயில் வண்டிகளில் லோடு இழுக்கும்போது 1,600 பார், அதற்கு மேலும் தேவைப்படும். வரவு குறைந்தால் ஐடிலில் சமாளித்துவிடும், மேட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

வரவு குறைய முக்கியக் காரணம் காற்று. பெரும்பாலான லாரிகளில் டீசல் டேங்கிலிருந்து உறிஞ்சித்தான் எடுக்கப்படுகிறது. அந்தக் குழாயில் விரிசல் இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். "ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, முதலாளி" என்று டிரைவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இறுகிப்போன வாஷர், வெடிப்பு விட்ட ஹோஸ், சரியாக உட்காராத பில்டர் சீல் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். காலையில் கைப்பம்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சந்தேகம் இங்கேதான். பம்ப்புக்கு முன்னால் உள்ள குறைந்த பிரஷர் குழாயில் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டு மாட்டி ஓடவிட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும். பெரிய செலவில்லாத சோதனை.

இன்னொன்று, டேங்க் மூச்சுக்குழாய். அது அடைபட்டால் டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி இழுப்பைத் தடுக்கும். வண்டி நின்றதும் டிரைவர் டீ குடித்துவிட்டு வருவார், தானாக ஸ்டார்ட் ஆகிவிடும்! அடுத்த முறை நிற்கும்போது டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பில்டரை மாற்றுபவர் பழையதைத் தூக்கி எறியாமல் அறுத்துப் பார்க்க வேண்டும். கருப்பு வழவழப்பு இருந்தால் டேங்கில் தண்ணீர் சேர்ந்து கிருமி வளர்ந்திருக்கிறது. வெள்ளி போல் மின்னும் தூள் இருந்தால் பம்ப்பே உள்ளுக்குள் தேய்கிறது. அப்போது பம்ப்பை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்குவதுதான். அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் குழாய், டேங்க் எல்லாவற்றிலும் பரவியிருக்கும். புதுப் பம்ப்பையும் தின்றுவிடும். தேய்வுக்குக் காரணம் பல சமயம் தண்ணீரோ மண்ணெண்ணெய்க் கலப்போதான். டீசல்தான் பம்ப்புக்கு மசகு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுதான். கந்தகத்தை நீக்கும்போது மசகுத் தன்மையும் குறைவதால் அதற்கென மருந்து சேர்க்கிறார்கள். அதில் கலப்படம் செய்தால் பம்ப் தாங்காது. மலிவாகக் கிடைக்கிறதென்று டிரம் டீசல் வாங்குவோர் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் அதிக பிரஷர் பக்கம் போக வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் ஒரு பாட்டில் மாட்டி, ஒரே நேர அளவு ஓடவிட்டால், மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்பும் பாட்டிலின் இன்ஜெக்டரில் கசிவு. இன்ஜின் சூடான பிறகே பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பவரிடம், கேட்ட பிரஷர் எவ்வளவு, கிடைத்த பிரஷர் எவ்வளவு என்று லோடில் எடுத்த இரண்டு எண்களையும் கேளுங்கள். கோட் நம்பர் பிரஷர் குறைவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.

ஒரு ஜாக்கிரதை. பழைய லாரியில் நாசில் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்த பழக்கத்தில், காமன் ரெயில் இன்ஜின் ஓடும்போது யாரும் நட்டில் கை வைக்கக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போல்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டிரிப் ஷீட்டில் வண்டி நின்ற இடம், இன்ஜின் சூடு, கடைசியாக டீசல் போட்ட பங்க், டேங்கில் மீதி எவ்வளவு என்று டிரைவர் குறித்து வைத்தால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். கால் டேங்குக்குக் கீழே இறங்கும்போது மட்டும் கோளாறு வருவதாகக் குறிப்பு சொன்னால், டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள்.