படம் நொடியில் போகும், கை போகாது

அமெரிக்காவில் மொன்டானா பக்கம் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் குதிரையிலிருந்து விழுந்த பண்ணைக்காரர் ஒருவர், இடது விலாவுக்குக் கீழே வலி தாங்காமல் இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். படத்தைப் பார்த்துச் சொல்வதற்கு அந்த ஊரில் யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதில்லை. 2001-இல் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய நைட்ஹாக் என்ற நிறுவனம், அமெரிக்க உரிமம் பெற்ற ரேடியாலஜிஸ்டுகளை ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உட்காரவைத்து இதற்கு வழி பண்ணியது. மொன்டானாவில் பின்னிரவு என்றால் சிட்னியில் அந்தி. படம் பசிபிக்கைத் தாண்டிப் போகும்; கொஞ்ச நேரத்தில் பதில் வரும். மண்ணீரல் கிழிந்திருக்கிறது, உள்ளே ரத்தம் கசிகிறது.

நல்லது, தெரிந்துவிட்டது. கசிவை யார் அடைப்பது?

வயிற்றைத் திறந்து மண்ணீரலையே எடுத்துவிடலாம். நெடுங்காலமாக அதுதான் வைத்தியம். ஆள் பிழைப்பார், ஆனால் சில கிருமிகளை எதிர்க்கும் பலம் ஆயுளுக்கும் குறைந்துபோகும். ரத்த அழுத்தம் ஓரளவு நிலையாக இருக்கிறவருக்கு இன்னொரு வழி உண்டு. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஓர் ஊசித் துளை போட்டு, அதன் வழியே மெல்லிய குழாயை மண்ணீரலின் தமனிவரை ஓட்டி, அங்கே பிளாட்டினக் கம்பிச்சுருள்களை விட்டுவிட்டு வருவது. குழாய்க்குள் நேராகக் கிடக்கும் கம்பி, வெளியே வந்ததும் சுருண்டுகொள்ளும். அதைச் சுற்றி ரத்தம் உறையும், தமனி அடைபடும். அடைத்தால் மண்ணீரல் செத்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். ஏரிக்கு வரும் பெரிய வாய்க்காலை அடைத்தாலும் ஓடைகள் வழியே கொஞ்சம் தண்ணீர் வந்துகொண்டிருக்குமே, அப்படி இரைப்பை ஓரமாக வரும் சிறு நாளங்கள் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். அழுத்தம் மட்டும் இறங்கும். கிழிசல் தானாக ஆறும்.

இதைச் செய்கிறவருக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஐ.ஆர். என்பார்கள். எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்துக்கொண்டே உடம்புக்குள் வேலை செய்கிறவர். பிரசவத்துக்குப் பிறகு உதிரம் நிற்காத தாய்க்கு இவர் செய்வது இன்னும் அழகு. கர்ப்பப்பைக்குப் போகும் தமனிக்குள் ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளைச் செலுத்துவார். போக்கு நின்றுவிடும். சில வாரங்களில் பஞ்சு கரைந்து தமனி திரும்பத் திறந்துகொள்ளும். வேண்டிய நேரத்துக்கு மட்டும் போட்டு, தானே திறக்கும் பூட்டு! கர்ப்பப்பையை எடுக்காமல் தப்பித்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர்.

இந்த வித்தை முழுவதும் ஒரு சின்னத் தந்திரத்தின் மேல் நிற்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டின் ஸ்வென்-ஐவர் செல்டிங்கர். தமனிக்குள் குழாயை நுழைக்க வேண்டுமானால் குழாயைவிடப் பெரிய ஊசியால் குத்தியாக வேண்டும் என்ற நிலை இருந்தது. பெரிய ஊசி என்றால் பெரிய ஓட்டை. 1953-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை வேறு வழி சொன்னது. சிறிய ஊசியால் குத்து. ஊசிக்குள் ஒரு கம்பியை விடு. ஊசியை உருவிவிடு, கம்பி இருக்கட்டும். இப்போது நூலில் மணி கோப்பதுபோலக் கம்பியின் மேல் குழாயைக் கோத்து உள்ளே தள்ளு. அவ்வளவுதான். முனைவர் பட்டத்துக்கு இது போதாது, ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மேலே இருந்தவர்கள் நினைத்ததால், பாவம், செல்டிங்கர் வேறொரு தலைப்பில் ஆய்வு செய்து பட்டம் வாங்கினார். இன்று உலகத்தில் ஆஞ்சியோ நடக்கும் எந்த அறையிலும் அந்த எளிமைதான் முதல் ஐந்து நிமிட வேலை.

குழாய் உள்ளே போனது. எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? ரத்தம் எக்ஸ்ரேயில் தனியாகத் தெரியாது. அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தினால் அது கதிரை மறித்து, நாளத்தைக் கருங்கோடாகக் காட்டும். மருந்துக்கு முந்தைய படத்தைப் பிந்தைய படத்திலிருந்து கணினி கழித்துவிடும். எலும்பெல்லாம் மறைந்து, இலை உதிர்ந்த மரம்போல நாளங்கள் மட்டும் திரையில் நிற்கும். அந்த மரத்தில் கிளை கிளையாக ஏறிப் போகிற கம்பியின் பருமன் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. நுண்கிளைகளுக்குப் போகும் கம்பி அதிலும் பாதி. கம்பியின் வளைந்த நுனியைத் திருப்புவது வெளியே நிற்பவரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். நுனி தமனிச் சுவரில் இடறும்போது விரலில் ஒரு சிறு தடுப்பு தெரியும் என்பார்கள். இந்தத் தொடு உணர்வை எந்த கேபிளும் சிட்னிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

படம் பார்க்கிற வேலையாக இருந்ததைக் கைவேலையாகத் திருப்பிவிட்டவர் ஓரெகன் மாநிலத்து சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று, பாதம் அழுகிக் கிடந்த 82 வயது மூதாட்டி ஒருவர் காலை வெட்டச் சம்மதிக்க மாட்டேன் என்று மறுத்துவிட, டாட்டர் கம்பியை விட்டு, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று பெரிதான டெஃப்லான் குழாய்களைச் செலுத்தித் தொடைத் தமனியின் அடைப்பை அகட்டினார். கால் சூடாயிற்று, புண் ஆறியது. அந்த அம்மாள் மிச்ச ஆயுளைத் தன் சொந்தக் காலில் நடந்து கழித்தார். சக மருத்துவர்கள் டாட்டருக்கு வைத்த பெயர் 'கிறுக்குச் சார்லி'.

சரி, இவ்வளவு அருமையான வேலை சிறு ஊர்களுக்கு ஏன் எட்டவில்லை? சம்பளம் போதாது என்பது பாதிக் காரணம்கூட ஆகாது. அமெரிக்கக் கிராமப்புறத்துக்கென்று 1997-இல் சட்டம் போட்டு ஒரு வகை ஆஸ்பத்திரியை வகுத்தார்கள்; அதில் 25 படுக்கைக்கு மேல் கூடாது. அங்கே யாரும் ஆஞ்சியோ அறை கட்டப்போவதில்லை. அவர்கள் நோயாளியை அனுப்பிவைக்கிற நடுத்தர ஊரில் அறை இருக்கும், இயந்திரம் இருக்கும், ஆள்தான் ஒருவரோ இருவரோ. சிக்கல் அங்கேதான். பத்துப் பேர் இருக்கும் நகரத்தில் பத்து நாளைக்கு ஓர் இரவு கண் விழிக்கலாம். ஒருவரே இருந்தால் எல்லா இரவும் அவருடையது. மகள் கல்யாணத்துக்கும் போனைக் காதோரம் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் களைத்துக் கிளம்பிவிடுவார். அவர் போனதும் நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும் கைப்பழக்கம் விட்டுப்போகும். அலமாரியில் இருக்கும் கம்பிச்சுருள்களின் காலாவதித் தேதி ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த இடைவெளியில் வருகிறவர்தான் லோக்கம். லத்தீனில் 'லோக்கம் டெனென்ஸ்' என்றால் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் என்று பொருள். பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே காரியம். 1970-களில் யூட்டா பல்கலைக்கழகத்தில், மேற்கு மாநிலங்களின் ஒதுக்குப்புற ஊர்களுக்கு மருத்துவர்களை அனுப்பும் திட்டமாக இது தொடங்கியது. 1979-இல் சால்ட் லேக் சிட்டியில் காம்ப்ஹெல்த் என்ற நிறுவனமாகி, பிறகு பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கிராமத்துக்காகத் தொடங்கியது, இன்று நகரத்து ஆஸ்பத்திரிகளும் கூப்பிடுகின்றன.

லோக்கம் ஐ.ஆர். யாருக்கும் ஊழியர் கிடையாது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஒப்பந்தம். நாள் கணக்கில் கூலி. 1099 என்ற வரிப் படிவம். ஓய்வூதியமும் உடல்நலக் காப்பீடும் தன் பொறுப்பு. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி உரிமம் கேட்கும். அதை விரைவாக வாங்க 2017 முதல் மாநிலங்களுக்கு இடையே ஓர் உடன்படிக்கை நடைமுறையில் இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துவிட்டன. பூர்வகுடிகளுக்கான மத்திய அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஏதாவது ஒரு மாநிலத்தின் உரிமம் இருந்தாலே போதும். மிக ஒதுங்கிய ஊர்களில் பல இவற்றின் பொறுப்பில் இருப்பதால் இது நல்ல ஏற்பாடு. உரிமம் கைக்கு வந்த பிறகும் அந்தந்த ஆஸ்பத்திரி சான்றிதழ்களைச் சரிபார்த்து அனுமதி தர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். பதினான்கு நாள் வேலைக்கு மூன்று மாதக் காகிதம்!

வந்து இறங்கியதும் அனுபவசாலியான லோக்கம் முதலில் பார்ப்பது அலமாரியை. எந்த நீளத்தில் குழாய் இருக்கிறது, எந்த அளவில் சுருள், ஜெலட்டின் பஞ்சு இருக்கிறதா, நுண்குழாய் எத்தனை. வீட்டில் சமைக்கிறவருக்குத் தன் அஞ்சறைப் பெட்டி கண்ணை மூடினாலும் தெரியும். வேறு வீட்டு அடுப்படியில் சீரகம் தேடுகிற நிலை இவருக்கு. ரத்தம் கொட்டும்போது தேட முடியாது. அதனால் முதல் நாளே டெக்னீஷியனோடு உட்கார்ந்து ஒவ்வொரு டிராயராகத் திறந்து பார்த்துவிடுவார். அந்த டெக்னீஷியனை நண்பராக்கிக்கொள்வது பாதிச் சிகிச்சை.

மண்ணீரல் கதையைச் சொல்லித் தொடங்கியதால் தினமும் உயிர் காக்கும் சாகசம் என்று நினைத்துவிட வேண்டாம். இத்தகைய ஊர்களில் நாளின் பெரும்பகுதி டயாலிசிஸ் குழாய் போடுவதில், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துவைத்த ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டால் அதைத் திறப்பதில், வயிற்றுச் சீழை வடிப்பதில், பயாப்ஸியில் போகும். புற்றுநோயா என்று உறுதியாகாமல் கீமோ தொடங்க முடியாது. உறுதி செய்ய ஓர் ஊசித் துணுக்குச் சதை வேண்டும். அதை எடுக்க ஆளில்லாமல் நோயாளி நூற்றுக்கணக்கான மைல் காரில் போவார். பனிக்காலத்தில் அதுவும் முடியாது. சாகசத்தைவிட இந்த அன்றாட வேலை நின்றுபோவதால் வரும் சேதமே அதிகம் என்பது என் கணிப்பு.

தற்காலிக மருத்துவத்தின் மேல் எனக்குள்ள மனக்குறையும் இங்கேதான் வருகிறது. மருத்துவர் பதினைந்தாம் நாள் விமானம் ஏறிவிடுவார். அவர் போட்ட குழாய் ஏறாது. சிறுநீரகத்துக்கு முதுகு வழியே போட்ட குழாயைச் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கால் நாளத்தில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க வயிற்றுப் பெருஞ்சிரையில் வைக்கும் வடிகட்டி இன்னும் மோசம். தேவை முடிந்ததும் எடுத்துவிடத்தான் அதை வைக்கிறார்கள், ஆனால் எடுக்க மறந்த வடிகட்டிகள் நகர்ந்தும் உடைந்தும் போன புகார்கள் குவிந்ததால் 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது, 2014-இல் மறுபடியும். ஆபத்து நீங்கியவருக்கு 29 முதல் 54 நாளுக்குள் எடுப்பது நல்லது என்று ஒரு கணக்கையும் சேர்த்துச் சொன்னது. வைத்தவர் போன பிறகு யார் நினைவில் வைத்து எடுப்பது?

லோக்கம் ஒப்பந்தங்களில் 'வால்' என்று ஒன்று உண்டு. மருத்துவர் போன பிறகு அவர் மேல் வழக்கு வந்தால் அப்போதும் செல்லுபடியாகும் காப்பீட்டுக்கு அந்தப் பெயர். வழக்குக்கு வால் வைத்தவர்கள் குழாய்க்கும் ஒரு வால் வைக்கலாம்: போட்டது என்ன, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும், யார் கூப்பிடுவார் என்று ஒரு பதிவேடு. பெரிய செலவில்லை. அடுத்து வரும் லோக்கம் அலமாரியைத் திறக்கும் முன் அதைத் திறக்க வேண்டும்.

ரோபோவை வைத்துத் தூரத்திலிருந்தே செய்துவிட முடியாதா? இதயத் தமனியில் செய்து பார்த்தார்கள், அதுவும் இந்தியாவில். 2018 டிசம்பரில் மருத்துவர் தேஜஸ் படேல் காந்திநகர் அக்ஷர்தாம் கோயிலில் உட்கார்ந்து, 32 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் படுத்திருந்த ஐந்து பேருக்கு ஸ்டென்ட் வைத்தார். ஆனால் தமனியைக் குத்தித் திறக்கவும், ஏதாவது ஆனால் கைகொடுக்கவும் நோயாளி பக்கத்தில் ஒரு குழு நின்றது. அந்த ரோபோவை இதயச் சிகிச்சைக்காக விற்பதை 2023-இல் நிறுத்திவிட்டார்கள்.

வந்துபோகிறவர்களால் நிலையான ஒன்று முளைக்குமா என்பதற்கு டான்சானியாவைப் பார்க்கலாம். ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் அந்த நாட்டில் 2018 வரை பயிற்சி பெற்ற ஓர் ஐ.ஆர். கூட இல்லை. அந்த ஆண்டு 'ரோடு டு ஐ.ஆர்.' என்ற திட்டத்தில், தார் எஸ் சலாமின் முகிம்பிலி தேசிய ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுக் குழுக்கள் வரத் தொடங்கின. ஒரு மருத்துவர், ஒரு நர்ஸ், ஒரு டெக்னீஷியன். மாதத்தில் இரண்டு வாரம். அதே லோக்கம் கணக்குத்தான். ஒரே வேறுபாடு, கம்பி அவர்கள் கையில் இருக்கவில்லை, உள்ளூர் மருத்துவர் கையில் இருந்தது. வந்தவர் பக்கத்தில் நின்றார். 2019-இல் பல்கலைக்கழகப் படிப்பாக்கினார்கள். 2021-இல் முதல் அணி தேறி வந்தது. குழாய் போட்டவரே அடுத்த மாதம் அதே ஊரில் இருக்கிறார்.

செல்டிங்கர் பிறந்தது ஸ்வீடனின் மோரா என்ற சிற்றூரில். ஸ்டாக்ஹோமில் பெயர் வாங்கிய அவர், 1967-இல் ஊர் திரும்பி மோரா ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைவரானார். 1986-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.