பேஸ்மேக்கரில் ஏன் மூன்று கம்பி?

வட்டக்கோட்டைப் பக்கம் கரைமடி இழுப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு கயிற்றுக்காரர்கள் முந்திவிட்டால் மடி கோணிக்கொள்ளும், மீன் நழுவும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் பலருக்கு நெஞ்சுக்குள் நடப்பதும் இதுதான்.

செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டதென்று பொருளில்லை. ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. இதனுடன் இடப்பக்கத்து மின்பாதையும் பழுதானால், இடது கீழறையின் வெளிச்சுவர் தாமதமாகச் சுருங்கும். அதற்குள் நடுச்சுவர் தளரத் தொடங்கியிருக்கும். ரத்தம் முழுதாக வெளியேறாமல் உள்ளேயே அலைமோதும். மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்.

1958இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக உடலுக்குள் பதித்த பேஸ்மேக்கர், மெதுவான துடிப்பை வேகப்படுத்த வந்தது. இங்கே சிக்கல் வேகத்தில் இல்லை, ஒத்திசைவில். ஆகவே இவர்களுக்கான பேஸ்மேக்கரில் மூன்று கம்பிகள்: வலது மேலறையில் ஒன்று, வலது கீழறையில் ஒன்று. மூன்றாவது, இதயத்தின் சொந்தச் சிரை வழியே வளைந்து சென்று இடது கீழறையின் வெளிப்புறத்தை எட்டுகிறது. மருத்துவரின் கைத்திறன் முழுவதும் இந்தக் கடைசிக் கம்பியில்தான். கீழறைக் கம்பிகள் இரண்டும் ஒருசேரத் தூண்ட, இரு சுவர்களும் மீண்டும் சேர்ந்து சுருங்குகின்றன.

பலன் சிறிதல்ல. 813 பேரை வைத்து நடந்து 2005இல் வெளியான ‘கேர்-எச்எஃப்’ ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். கருவியும் பெற்றவர்களில் 20 சதவீதம்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. மருந்துக்குப் பிறகும் இடது கீழறை ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு 35 சதவீதத்தைத் தாண்டாமல், ஈசிஜியில் இடப்பக்க மின்பாதை அடைப்போடு ‘க்யூஆர்எஸ்’ அகலம் (கீழறைகளில் மின்துடிப்பு பரவ ஆகும் நேரம்) 150 மில்லிநொடியைத் தொட்டவர்களுக்கே பலன் அதிகம். ஆசாரிப்பள்ளத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்கள் அந்த ‘க்யூஆர்எஸ்’ எண்ணைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.